ஆச்சிக்காகப் பேசுவது யார்: பங்காளியா, வெளியாளா?

வாசகர் கேள்வி, கோலாலம்பூரிலிருந்து (12 செப்டம்பர் 2025)

என் சின்னாத்தாவுக்கு 81 வயது. கானாடுகாத்தான் வீட்டில், சமையலுக்கு ஒரு பெண்ணை வைத்துக்கொண்டு தனியாக இருக்கிறார். காது மந்தம். பிள்ளை இல்லை என்று சின்னப்பச்சி இருக்கும்போதே பங்காளி வீட்டுப் பையனைப் பிள்ளை கூட்டிக்கொண்டார்கள், அதாவது தத்து எடுத்துக்கொண்டார்கள். அவன் சென்னையில் இருக்கிறான். 2019-ல் வீட்டுப் பங்கையும் காரைக்குடி மனையையும் சின்னாத்தா அவன் பேரில் செட்டில்மெண்ட் எழுதிவிட்டார். இப்போது கோயம்புத்தூரில் ஒரு முதியோர் இல்லத்தில் சேர்க்கப் போகிறேன் என்கிறான். பங்காளிகளில் பெரியவர்கள் இரண்டு பேரை உட்கார வைத்துப் பேசினால் முடிந்துவிடும் என்பது என் கட்சி. சம்பந்தமில்லாத ஆள் ஒருவர் சின்னாத்தா பக்கம் இருக்க வேண்டும் என்கிறாள் என் வீட்டுக்காரி. குடும்ப விஷயத்தில் வெளியாளுக்கு என்ன வேலை?

13 செப்டம்பர், காலை

வீட்டுக்காரி சொல்வதுதான் சரி.

நீங்கள் எழுதியதில் மகன் சொல்வது இருக்கிறது, உங்கள் கட்சி இருக்கிறது, வீட்டுக்காரி கட்சியும் இருக்கிறது. உங்கள் சின்னாத்தா, அந்த ஆச்சி, என்ன சொன்னார்கள் என்று ஒரு வரி இல்லை. கேட்டீர்களா?

அப்புறம் அந்த இரண்டு பெரியவர்கள். தங்கமான மனிதர்களாகவே இருக்கட்டும். அந்த வீட்டில் எத்தனை புள்ளிக்கு, அதாவது எத்தனை குடும்பத்துக்கு, பங்கு இருக்கிறது? ஆச்சி அறையைப் பூட்டிக்கொண்டு கிளம்பினால் வீட்டை விற்கும் பேச்சு சுலபமாகும் என்பது அவர்களுக்குத் தெரியாதா? பழைய வீட்டுச் சாமான் விற்கிற காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவில் ஒரு நடை நடந்து பாருங்கள், யார் யார் வீட்டு நிலைக்கதவெல்லாம் விலைக்கு நிற்கிறது என்று. பங்கு இருக்கிறவர் நல்லவராக இருந்தாலும் அவர் பேச்சில் பங்கும் சேர்ந்து பேசும்.

என் அப்பா ஒரு செட்டியார் வீட்டுக் கணக்கப்பிள்ளை. ஆச்சிமார் தங்கள் சீர்ப் பணம் எந்தக் கடையில், என்ன வட்டியில் நிற்கிறது என்று தெரிந்துகொள்ள அவரைத்தான் தனியாகக் கூப்பிட்டு வாசிக்கச் சொல்வார்கள். மகனைக் கூப்பிட மாட்டார்கள். காரணம் ஊகித்துக்கொள்ளுங்கள்.

13 செப்டம்பர், இரவு

சட்டம் கேட்டு நான்கு பேர் எழுதிவிட்டீர்கள். சுருக்கமாகச் சொல்கிறேன்.

பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம் 2007-ல் வந்தது. 60 வயது ஆனவர்களுக்கு. பெற்ற பிள்ளை மட்டும் பொறுப்பாளி என்று நினைக்காதீர்கள், தத்து எடுத்த பெற்றோரும் அந்தச் சட்டத்தில் பெற்றோர்தான். பிள்ளையே இல்லாதவர்களுக்கு, அவர் சொத்தை வைத்திருக்கிற அல்லது பின்னால் அடையப்போகிற வாரிசு பொறுப்பு. பிள்ளை கூட்டும் வழக்கமுள்ள நம் பக்கத்துக்கு இது முக்கியம்.

மனுவை வருவாய்க் கோட்டாட்சியரிடம் கொடுக்க வேண்டும். அவர்தான் தீர்ப்பாயம். கானாடுகாத்தான் காரைக்குடி வட்டம், ஆகவே தேவகோட்டை ஆர்.டி.ஓ. கோனாபட்டு, ராயவரம் காரர்கள் புதுக்கோட்டை மாவட்டம், அங்கே போங்கள். நோட்டீஸ் சேர்ந்த நாளிலிருந்து 90 நாளில் முடிக்க வேண்டும், தவிர்க்க முடியாவிட்டால் இன்னும் 30 நாள். இடைக்காலத் தொகையும் கேட்கலாம். மேல்முறையீடு கலெக்டரிடம், 60 நாளுக்குள்.

இந்த இழைக்கு வேண்டிய பிரிவுகள் இரண்டு. ஐந்தாம் பிரிவுப்படி, முதியவரால் முடியாதபோது அவர் அதிகாரம் கொடுத்த வேறு ஒருவரோ அமைப்போ மனுக் கொடுக்கலாம். அந்த ஆள் சொந்தக்காரராக இருக்க வேண்டும் என்று சட்டம் சொல்லவில்லை. பதினெட்டாம் பிரிவு, பராமரிப்பு அலுவலர் என்று ஒருவரை வைக்கச் சொல்கிறது. மாவட்டச் சமூகநல அலுவலர் அந்தஸ்துக்குக் குறையாதவர். முதியவர் விரும்பினால் தீர்ப்பாயத்தில் அவர் சார்பில் இவர் நிற்கலாம். ஆக, குடும்ப விஷயத்தில் வெளியாளுக்கு நாற்காலி போட்டு வைத்திருப்பது சட்டமேதான்.

வக்கீல் வைக்கலாமா என்றால், பதினேழாம் பிரிவு கூடாது என்கிறது. அந்தப் பிரிவு செல்லாது என்று கேரள உயர்நீதிமன்றம் 2021-ல் சொன்னது. ஆச்சியின் மனுவுக்கு முதலில் வக்கீல் தேடி அலைய வேண்டாம் என்பது என் யோசனை. சட்ட உதவி வேண்டுமென்றால் சட்டப்பணிகள் ஆணைக்குழு, 15100. பெண்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் வருமானம் பார்க்காமல் இலவசம். முதியோர் உதவி எண் 14567.

16 செப்டம்பர்

செட்டில்மெண்ட் பத்திரத்தை எடுத்துப் படியுங்கள் தம்பி. "உன்மேல் எனக்குள்ள அன்பினாலும் பிரியத்தினாலும்" என்று தொடங்கும், எல்லாப் பத்திரமும் அப்படித்தான். அதற்குக் கீழே, ஆயுள் வரை அந்த வீட்டில் இருந்துகொள்வேன், சாப்பாடு வைத்தியம் நீ பார்க்க வேண்டும் என்று ஏதாவது இருக்கிறதா?

ஏன் கேட்கிறேன் என்றால், 23-ஆம் பிரிவுப்படி, பார்த்துக்கொள்ள வேண்டும் என்ற நிபந்தனையோடு கொடுத்த சொத்தை, வாங்கியவர் பார்த்துக்கொள்ளாவிட்டால், செல்லாது என்று தீர்ப்பாயம் அறிவிக்கலாம். நிபந்தனை எழுதியே இருக்க வேண்டுமா என்பதில்தான் சண்டை. நிபந்தனை இருந்ததாகக் காட்டாமல் முடியாது என்று உச்ச நீதிமன்றம் 2022 டிசம்பரில் சொன்னது. 2025 ஜனவரியில் அதே நீதிமன்றம், இது முதியவர்களைக் காக்க வந்த சட்டம், தாராளமாகத்தான் பொருள்கொள்ள வேண்டும் என்றது. மார்ச்சில் சென்னை உயர்நீதிமன்றம் இன்னும் ஒரு படி போய், அந்த அன்பும் பிரியமுமே நிபந்தனைதான், தனியாக எழுதாவிட்டாலும் பரவாயில்லை என்றது. நல்ல தீர்ப்பு. ஆனாலும் இனிமேல் எழுதப் போகிறவர்கள் தீர்ப்பை நம்பி இருக்காதீர்கள். பத்திர எழுத்தரிடம் சொல்லி நிபந்தனையை ஒரு பத்தியாகவே போடுங்கள். "மகன் மனசு கஷ்டப்படும்" என்பார்கள். பார்த்துக்கொள்ளப் போகிற மகனுக்கு அந்தப் பத்தியில் கஷ்டப்பட என்ன இருக்கிறது?

ஒரு பக்கமாகச் சார்பதிவாளர் அலுவலகத்தில் போய் ரத்துப் பத்திரம் எழுதிவிடலாம் என்று ஒருவர் சொல்லியிருக்கிறார். செட்டில்மெண்டை அப்படி ஆச்சி மட்டும் போய் ரத்து செய்ய முடியாது. தீர்ப்பாயமோ கோர்ட்டோதான் செய்ய முடியும்.

17 செப்டம்பர்

மாதம் இருபத்தைந்தாயிரம் வாங்கித் தரலாம் என்று எழுதியவருக்கு: இந்தச் சட்டத்தில் உச்சவரம்பு மாதம் 10,000 ரூபாய். வரம்பை எடுக்க 2019-ல் மசோதா கொண்டுவந்தார்கள், சட்டமாகவில்லை. ஆசை காட்டாதீர்கள்.

21 செப்டம்பர்

வெளியாள் என்ன செய்வார் என்று விடாமல் கேட்கிறார்கள். நான் பார்த்த ஒன்றைச் சொல்கிறேன். ஊர், அலுவலகம் எல்லாம் வேண்டாம்.

பக்கத்து ஊர் ஆச்சி ஒருவர், மகன்மேல் மனு. பக்கத்தில் இருக்கச் சொல்லி என்னைக் கூப்பிட்டிருந்தார். விசாரணை அன்று ஆச்சியைச் சுவரோரப் பெஞ்சில் உட்கார வைத்துவிட்டார்கள். மேசைக்கும் பெஞ்சுக்கும் நடுவில் மகன், மருமகள், மகனுடைய அத்தான், தலைக்கு மேல் கடகடவென்று ஃபேன். அதிகாரி மகனைப் பார்த்து, "அம்மா என்ன சொல்றாங்க?" என்று கேட்டார். மகனும் சொல்ல ஆரம்பித்துவிட்டார்.

நான் எழுந்து, ஆச்சிக்குக் காது கேட்காது, மேசைக்குப் பக்கத்தில் நாற்காலி போட வேண்டும் என்றேன். போட்டார்கள். காது மெஷினைப் பார்த்தால் பேட்டரி தீர்ந்துபோயிருக்கிறது. என்றைக்குத் தீர்ந்ததோ, வீட்டில் யாருக்கும் தெரியவில்லை. சுவரில் தொங்கிய தினசரிக் காலண்டரில் பழைய தாள்களை வாங்கி, பின்பக்கத்தில் பெரிய பெரிய எழுத்தாக எழுதினேன்: "உங்களுக்கு என்ன வேண்டும்?" மற்றவர்களைக் கொஞ்சம் வெளியே இருக்கச் சொல்ல முடியுமா என்று அதிகாரியிடம் கேட்டேன். அவருக்கு அது பிடிக்கவில்லை, ஆனால் அனுப்பினார்.

ஆச்சி தாளைப் பார்த்தார். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார். பணம் வேண்டாம் என்றார். அதுவரை எல்லோரும் மாதம் ஐந்தாயிரமா எட்டாயிரமா என்று பேசிக்கொண்டிருந்தார்கள், நானும் எட்டு என்று மனசுக்குள் கணக்குப் போட்டிருந்தேன். அவர் கேட்டது சாவி. இரண்டாம் கட்டில் படைப்பு (முன்னோரைக் கும்பிடுவது) அறைச் சாவியை மகன் பாதுகாப்புக்காக என்று சென்னைக்கு எடுத்துப் போய்விட்டார். பேழையில் மாமியார் சேலை இருக்கிறது, படைப்பு வருகிறது, துவைத்து வைக்க வேண்டும், திறக்க முடியவில்லை. அதுதான் மனு.

மகனும் கெட்டவர் இல்லை. "இதை ஏன் ஆத்தா சொல்லலை?" என்றார். யார் கேட்டார்கள்?

22 செப்டம்பர்

நேற்று எழுதியதற்கு ஒரு பின்குறிப்பு. சாவியோடு எல்லாம் சுபம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். சாவி வந்தது. மருந்துச் செலவுக்கு மாதத் தொகையும் போடச் சொன்னது தீர்ப்பாயம். ஆச்சி வேண்டாம் என்றார், நான் அதிகாரியிடம் அப்படியே சொன்னேன், எனக்குச் சம்மதமில்லாவிட்டாலும். பிறகு அதிகாரியே ஆச்சியிடம் நேராகப் பேசி ஒப்புக்கொள்ள வைத்தார். அது அவர் வேலை, என் வேலை இல்லை. பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் ஆச்சியின் நன்மை இதுதான் என்று தானே தீர்மானிக்கத் தொடங்கினால், அவர் இன்னொரு மகன். ஆச்சிக்கு மகன் பஞ்சம் இல்லை.

28 செப்டம்பர்

எனக்கு இதில் ஏன் இவ்வளவு சூடு என்று ஒருவர் கேட்டார். நான் போலியோக் கால்காரன். பக்கச் சக்கரம் வைத்த ஸ்கூட்டரில்தான் சுற்றுகிறேன். கடையில், ஆஸ்பத்திரியில், கல்யாண வீட்டில், என்னைப் பார்த்துவிட்டு என் மனைவியிடம் கேட்பார்கள்: "சாருக்குக் காபியா, டீயா?" கால்தானே போச்சு, நாக்கு என்ன செய்தது?

செட்டிநாட்டு வீட்டுக் கல்யாணம் என்றால் எனக்கு முகப்போடு சரி. திண்ணைக்கு உயரப் படி, படிக்குக் கைப்பிடி கிடையாது. ஆத்தங்குடி கல்லில் தண்ணீர் சிந்தினால் காலில் மாட்டியிருக்கும் இரும்புத் தாங்கி, காலிப்பர், வழுக்கும். கக்கூஸ், மூன்று கட்டும் தாண்டி வீட்டின் கடைக்கோடியில். பர்மாத் தேக்குக்கு ஆள் அனுப்பிய தாத்தாக்களுக்கு ஒரு கைப்பிடி தோன்றவில்லை! இலையை முகப்புக்கே கொண்டுவந்து போட்டு அன்பாகத்தான் பரிமாறுவார்கள். அன்புக்குக் குறைவில்லை. ஆனால் ஒரு சாய்தளம் போட்டிருந்தால் அன்பே வேண்டாம், நானே பந்திக்குப் போயிருப்பேன். மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016 பொதுக் கட்டடங்களுக்கு இதைச் சொல்கிறது. பங்காளி வீட்டுக்கு எந்தச் சட்டம் சொல்ல?

5 அக்டோபர்

பேச்சு பேங்குக்குப் போய்விட்டது, போகட்டும், அதுவும் இதே கதைதான்.

பார்வை இல்லாத நண்பர் ஒருவருக்குச் செக் புத்தகம் கிடையாது, வேண்டுமானால் மனைவியோடு ஜாயிண்ட் கணக்காக மாற்றிக்கொள்ளுங்கள் என்றார்கள் ஒரு கிளையில். பார்வை இல்லை என்பதற்காகச் செக் புத்தகம், ஏ.டி.எம்., லாக்கர் எதையும் மறுக்கக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2008-லேயே சொல்லியாயிற்று. எழுத்தில் கேளுங்கள், மறுப்பையும் எழுத்தில் கேளுங்கள். எழுத்தில் கேட்டவுடன் பாதி விஷயம் நடந்துவிடும். 30 நாளில் பதில் இல்லையென்றால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளர், எண் 14448.

70 தாண்டியவர்களுக்கும் நடமாட முடியாதவர்களுக்கும் வீட்டுக்கே வந்து பணம் கொடுக்கும் ஏற்பாடு வேண்டும் என்று 2017 நவம்பரிலேயே சுற்றறிக்கை வந்தது. கையெழுத்துப் போட முடியாவிட்டால் விரல் ரேகை, அதற்கு இரண்டு சாட்சி, ஒருவர் பேங்க் அதிகாரி. "ஏ.டி.எம். கார்டைப் பேரனிடம் கொடுத்து நம்பரையும் சொல்லிவிடுங்கள் ஆச்சி" என்று கவுண்டரிலேயே யோசனை சொல்கிறார்கள். அந்த யோசனையோடு எத்தனை பேர் பணம் போயிற்றோ.

11 அக்டோபர்

புதுவயல் தாய் ஒருவர் எழுதியிருந்தது மனதை விட்டுப் போகவில்லை. மகனுக்கு 24 வயது, அறிவுசார் குறைபாடு. "எனக்குப் பிறகு யார்?"

முதலில் ஒன்று. 18 வயது முடிந்தபின் பெற்ற தாயும் தானாகவே சட்டப்படி பாதுகாவலர் ஆகிவிட மாட்டார். ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுசார் குறைபாடு, ஒன்றுக்கு மேற்பட்ட குறைபாடு என்றால் 1999-ஆம் ஆண்டு தேசிய அறக்கட்டளைச் சட்டத்தின் கீழ் கலெக்டர் தலைமையில் உள்ளூர்க் குழு இருக்கிறது. பாதுகாவலர் நியமனம் அங்கே. சிவகங்கை கலெக்டர் அலுவலக வளாகத்தில் மாற்றுத்திறனாளிகள் நல அலுவலரைப் பார்த்து விண்ணப்பம் கேளுங்கள்.

இரண்டாவது, பாதுகாவலர் வந்துவிட்டால் மகன் வாய் மூடிக்கொள்ள வேண்டும் என்பதில்லை. 2016 சட்டம் வரையறுத்த பாதுகாவலர் என்று ஒன்றைச் சொல்கிறது. குறிப்பிட்ட ஒரு முடிவுக்கு, குறிப்பிட்ட காலத்துக்கு, அவரோடு சேர்ந்து, அவர் விருப்பப்படி முடிவெடுக்க. மகனுக்கு எந்தச் சட்டை பிடிக்கும், யாரைக் கண்டால் ஒளிந்துகொள்வான், எந்தச் சாப்பாட்டைத் தள்ளிவிடுவான் என்று ஒரு நோட்டில் இப்போதே எழுதத் தொடங்குங்கள் அம்மா. அந்த நோட்டு பத்திரத்தைவிட முக்கியம். அவன் சொல்ல முடியாத இடத்தில் அதுதான் அவன் சாட்சி.

பாதுகாவலராக அண்ணனைப் போடலாமா என்று கேட்டிருந்தீர்கள். போடலாம். ஆனால் வருஷத்துக்கு இரண்டு தடவை வந்து மகனைத் தனியாகப் பார்க்க, சொத்தில் சம்பந்தமில்லாத ஒருவரையும் பிடித்து வையுங்கள். பழைய டீச்சராக இருந்தால் உத்தமம்.

19 அக்டோபர்

வெளியாளே ஏமாற்றினால்? நியாயமான கேள்வி, நான் முதலிலேயே சொல்லியிருக்கலாம். பவர் பத்திரம் கேட்கிறவர், நாமினியாகப் பேர் போடச் சொல்கிறவர், கூலியாக நகை வாங்குகிறவர், ஆச்சியை வேறு யாரோடும் பேசவிடாதவர், இந்த நாலு பேரையும் வாசலோடு அனுப்பிவிடுங்கள். பேருந்துச் செலவு கொடுக்கலாம். மத்தியானம் ஒரு சாப்பாடு போட்டால் வேண்டாம் என்று சொல்ல மாட்டோம்.

பங்காளிகளைப் பற்றி 13-ஆம் தேதி எழுதியதற்கு வசவு வந்திருக்கிறது. தாயைப் போல் ஆச்சிமாரைப் பார்த்துக்கொள்கிற பங்காளி வீடுகள் எனக்கும் தெரியும். அவர்கள் பார்த்துக்கொள்ளட்டும். அவர்கள் நடுவில் முடிவு எடுக்கும் அன்றைக்கு மட்டும், பங்கில்லாத ஒருவர் ஆச்சி பக்கத்தில் இருக்கட்டும் என்கிறேன், அவ்வளவுதான்.

26 அக்டோபர்

கோலாலம்பூர்த் தம்பி ஏற்பாடு செய்ய, ஆச்சியே வரச் சொல்ல, கானாடுகாத்தான் போய் வந்தேன். ஆச்சி சம்மதித்த அளவுக்கு மட்டும் இங்கே எழுதுகிறேன். கோயம்புத்தூர் போக மாட்டார். மகன்மேல் கேஸ் போட மாட்டார், "கூட்டி வந்த பிள்ளையைக் கச்சேரிக்கு இழுத்தா செத்த பிறகு யாரு கொள்ளி வைப்பா?" என்கிறார். வளவுக்கு, அதாவது உள்முற்றத்துக்கு, பக்கத்திலேயே கக்கூஸ் கட்டித் தர வேண்டும். ஆயுள் வரை இருந்துகொள்ளும் உரிமையை மகன் எழுத்தில் தர வேண்டும். நான் கேஸ் போடுங்கள் என்றுதான் சொல்லியிருப்பேன். ஆனால் அது ஆச்சியின் முடிவு. 2007 சட்டத்தில் மனு எப்போது வேண்டுமானாலும் கொடுக்கலாம் என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தேன்.

2 நவம்பர்

மெல்போர்னில் இருக்கும் தேவகோட்டைக்காரர் ஒருவர் நல்ல தகவல் அனுப்பியிருக்கிறார். ஆஸ்திரேலியாவில் முதியோருக்காகப் பேச அரசுச் செலவில் ஆட்கள் இருக்கிறார்கள், வக்கீல் இல்லை. ஓபான் என்ற கூட்டமைப்பு, 1800 700 600 என்று ஒரே எண். முதியவர் சொன்னால்தான் பேசுவார்கள். பிள்ளை போன் போட்டாலும், அம்மா சம்மதமா என்று முதலில் கேட்பார்களாம். நேற்றிலிருந்து அங்கே புதிய முதியோர் பராமரிப்புச் சட்டம் நடைமுறைக்கு வந்திருக்கிறது, உரிமைகளைப் பட்டியலாகவே எழுதி வைத்திருக்கிறார்கள். இங்கிலாந்தில் 2005-ஆம் ஆண்டுச் சட்டப்படி, தானே முடிவெடுக்க முடியாத, கலந்து பேச உறவோ நட்போ இல்லாத ஒருவரை நீண்ட நாளுக்கு இல்லத்தில் சேர்ப்பது, பெரிய சிகிச்சை செய்வது என்றால் சுயேச்சையான ஆள் ஒருவரை நியமித்தே ஆக வேண்டும்.

அங்கே ஆள் இல்லாதவருக்காக யோசித்திருக்கிறார்கள். நமக்குச் சிக்கல் வேறு, ஆச்சியைச் சுற்றி எப்போதும் ஆள் இருக்கிறது. அவர்களைத் தாண்டி ஆச்சியிடம் போவதுதான் பாடு.

15 நவம்பர்

இந்த வேலைக்கு நானும் வருகிறேன், பயிற்சி உண்டா என்று கேட்டவர்களுக்கு. உள்ளாட்சிகளில் மாற்றுத்திறனாளி உறுப்பினர்களை நியமிக்க 2025 ஏப்ரலில் சட்டமன்றத்தில் மசோதா நிறைவேறியது, உங்கள் ஊராட்சியில் அப்படி வருகிறவரோடு முதலில் பழகிக்கொள்ளுங்கள். யார் வீட்டில் யார் தனியாக இருக்கிறார் என்பது அவர் மூலம் தெரிய வரும்.

பையில் வைத்துக்கொள்ள வேண்டியவை: தடித்த மார்க்கர், வெள்ளைத் தாள், மூக்குக் கண்ணாடி துடைக்கும் துணி, காது மெஷின் பேட்டரி. பேட்டரியை ஒட்டின் நிறம் பார்த்து வாங்குங்கள்: 13 ஆரஞ்சு, 312 பழுப்பு, 675 நீலம். பழைய பேட்டரியைக் கழற்றிக் காட்டினால் கடைக்காரரே எடுத்துத் தருவார். ஒட்டை உரித்தவுடன் மெஷினில் போடாமல், ஒன்றிரண்டு நிமிடம் காற்றுப் பட விட்டுப் போடுங்கள்.